சட்டையைக் கழற்றச் சொன்ன சிஸ்டர்

"சட்டையக் கழட்டுங்கண்ணே" என்றார் சிஸ்டர்.

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. என்னைத்தான் சொல்கிறார். ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றுவது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் எனக்கு ஒரு நோயும் கிடையாது. நான் நின்றுகொண்டிருந்ததோ பச்சிளங்குழந்தைகள் வார்டு வாசலில். உள்ளே பிள்ளை பெற்ற பெண்கள். பக்கத்தில் என் தங்கையின் நாத்தனார். இத்தனை பேர் முன்னால் இப்படிச் சொன்னால் ஒரு மனுஷனுக்குக் கோபம் வருமா, வராதா? எனக்கு எதற்கெடுத்தாலும் வரும். அன்றைக்கும் வந்தது.

"எதுக்குங்க?" என்றேன், மண்டபத்தில் கேட்கிற குரலில்.

"மெதுவாப் பேசுங்க. உங்க மருமகளுக்குச் சூடு வேணும். அவங்கம்மா எந்திரிக்கிற வரைக்கும் நீங்கதான் நெஞ்சுல வச்சிருக்கணும்."

மண்டபம் என்றேன் அல்லவா, அதைச் சொல்லிவிடுகிறேன். நான் புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேனேஜர். சமையல் மாஸ்டர், பரிமாறுகிறவர்கள், இலை எடுக்கிறவர்கள், ஜெனரேட்டர்காரர் என்று ஊர்ப்பட்ட ஆட்களிடம் வேலை வாங்குவதுதான் என் பிழைப்பு. நானாக ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டதாக யாரும் சாட்சி சொல்ல முடியாது. கையைக் காட்டுவேன், நடக்கும். நடக்காவிட்டால் கத்துவேன், அப்போது நடக்கும். அப்படிப்பட்டவனிடம் என் தோள் உயரம்கூட இல்லாத ஒரு பெண் வேலையை ஒப்படைக்கிறார். அதற்கு என் கையும் வேண்டாம், குரலும் வேண்டாம். மயிர் மண்டிய இந்த நெஞ்சு மட்டும் போதுமாம்.

தங்கையை அறந்தாங்கியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை. வளைகாப்பு முடிந்து வளையல் சத்தம் அடங்குவதற்குள் அவளுக்கு ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறிவிட்டது. அங்கிருந்து ஆம்புலன்ஸில் புதுக்கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். அறுவை செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. அவசரப்பட்டுப் பிறந்ததால் எடை போதவில்லை. தாய் மாடியில் தீவிர சிகிச்சையில், பிள்ளை கீழே கண்ணாடிப் பெட்டியில். தங்கை தன் மகளைப் பார்த்தது செல்போன் படத்தில் மட்டும்தான்.

சில நாள் கழித்துக் குழந்தை நன்றாக மூச்சு விடுகிறது, பெட்டியிலிருந்து எடுத்துவிடலாம், இனி மனுஷ உடம்பின் சூடுதான் மருந்து என்று டாக்டர் சொன்னார். கங்காரு தன் குட்டியைப் பையில் வைத்துக்கொள்கிற மாதிரி நெஞ்சோடு நெஞ்சாக வைத்துக் கட்ட வேண்டுமாம். இப்படியே எடை ஏறினால் மேலே தாயிடம் போகலாம். இறங்கினால் திரும்பவும் பெட்டிக்குள் போக வேண்டியதுதான். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அப்போது அந்த ஒரு நினைப்புதான்.

என் தகுதியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மற்றவர்கள் எல்லாம் கழிந்துபோனதில் மிஞ்சியவன் நான். அம்மாவுக்கு ஓயாத இருமல். என் மனைவிக்குக் கண்வலி வந்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த ஆள் தங்கையின் நாத்தனார், மாப்பிள்ளையின் அக்கா. எனக்கு மதினி முறை. அறந்தாங்கியில் ஆட்டோக்காரர்கள் அவரிடம் எதிர்த்துப் பேசுவதில்லை. சிஸ்டர் அவரிடம், "சளி, காய்ச்சல் ஏதும் இருக்காங்க?" என்று கேட்டார்.

"எனக்குச் சளியெல்லாம் இல்ல நர்ஸம்மா" என்று மதினி சொல்லி முடிப்பதற்குள் தும்மிவிட்டார். அடக்கப் பார்த்தார். இன்னொன்றும் வந்தது.

சிஸ்டர் என் பக்கம் திரும்பிய கதை இதுதான்.

"பெத்தவளுக்கு அடுத்தது அத்தைதான் நர்ஸம்மா" என்றார் மதினி, மூக்கைத் துடைத்துக்கொண்டே. "ஊரு ஒலகத்துல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. இவரு மாமன். காது குத்துறப்ப மடியில வச்சாப் போதும்."

"காது குத்துறதுக்குப் பாப்பா மொதல்ல வளரணும்லங்க. சளி போகட்டும், உங்களையும் கூப்பிடுறேன்."

மதினி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, மண்டபத்தில் முதல் பந்தியில் இடம் கிடைக்காத சம்பந்தி பார்ப்பார்களே, அதே பார்வை.

சட்டையைக் கழற்றினேன். சிஸ்டர் ஒரு அடி பின்னால் போனார். "குளிச்சிட்டு வாங்கண்ணே" என்றார்.

"குளிச்சிட்டுத்தாங்க வந்தேன்."

"சென்ட்டு அடிச்சிருக்கீங்க."

வருகிறவர்களை வாசலில் நின்று கும்பிடுகிறவன் மணக்காமல் இருக்க முடியுமா? காலையில் அத்தர் தடவாமல் நான் வெளியே இறங்குவதில்லை. அதைச் சொன்னேன். "பாப்பாவுக்கு உங்க வாசம் போதும், கடை வாசம் வேண்டாம்" என்றார். கழுத்துச் சங்கிலி, கையில் கட்டியிருந்த கயிறு, மோதிரம் எல்லாம் இறங்கின. நகம் வெட்டினேன். சோப்புப் போட்டு மறுபடி குளித்தேன். என் கல்யாணத்தன்றுகூட என்னை இந்தப் பாடு படுத்தவில்லை.

பெண்கள் இருக்கிற பக்கம் தெரியாதபடி திரை கட்டி, சாய்வு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் என்னைச் சாய்த்துவிட்டு, சிஸ்டர் குழந்தையை எடுத்துவந்தார். தலையில் குல்லா, காலில் சாக்ஸ், இடுப்பில் ஒரு துணி. அவ்வளவுதான் ஆள். என் நெஞ்சில் குப்புற வைத்தார். கழுத்து மடங்காமல் முகத்தை ஒரு பக்கம் திருப்பினார். காலைத் தவளை மாதிரி மடக்கினார். பிறகு அகலமான ஒரு துணியால் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டினார்.

"மூச்சு விடுதான்னு பாத்துக்கிட்டே இருங்க. உதடு நீலமா மாறுனா உடனே கூப்பிடுங்க. அப்பப்பப் பாதத்தைத் தொட்டுப் பாருங்க, சூடா இருக்கணும். கழுத்து மடங்கக் கூடாது. பேசலாம், கத்தக் கூடாது. மருந்து, எடை, பாலோட அளவு இதெல்லாம் என் வேலை. அதுல நீங்க கை வைக்க வேண்டாம். இப்ப நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க."

"புரிஞ்சிருச்சு சிஸ்டர்."

"புரிஞ்சதைச் சொல்லுங்கண்ணே."

சொன்னேன். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி சொன்னேன். நான் சமையல் மாஸ்டரிடம் ஒரு நாளும் திருப்பிச் சொல்லச் சொன்னதில்லை. அதனால்தான் வெல்லம் என்று சொன்ன பாயசத்தில் அவர் சர்க்கரையைக் கொட்டி வைக்கிறார்.

சிஸ்டர் போனதும் எனக்குப் பயம் வந்தது. ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிற கல்யாணத்தில் சாம்பார் தீர்ந்துபோனபோதுகூட நான் இப்படிப் பயந்ததில்லை. குழந்தையின் மூச்சு என் நெஞ்சு மயிரில் பட்டுக் குறுகுறுத்தது. சிரிப்பு வந்தது, சிரித்தால் ஆடுமே என்று அதையும் அடக்கினேன். இருமல் வருமோ, தும்மல் வருமோ என்று வேறு பயம். ஒரு வேலையும் செய்யாமல் அசையாமல் கிடப்பது இவ்வளவு பெரிய வேலை என்று அதுவரை எனக்குத் தெரியாது.

பேசலாம் என்றாரே, என்ன பேசுவது? தாலாட்டு எனக்கு வராது. தெரிந்ததைச் சொன்னேன். "மொதப் பந்திக்கு எலையைப் போட்டாச்சா? ஓரத்துல உப்பு வை. அப்புறம் இனிப்பு. பச்சடி, கூட்டு, பொரியல், அப்பளம். இப்ப சோத்தைப் போடு. பருப்பு, நெய்யி. சாம்பாரைக் கலக்கி ஊத்து, மேலாக்க ஊத்தாத..." பாயசத்துக்கு வருவதற்குள் அவள் தூங்கிவிட்டாள். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் சிரிக்கிற சத்தம் கேட்டது. சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஆவணி முகூர்த்தம் வேறு. மண்டபத்திலிருந்து போன் மேல் போன். கேஸ் சிலிண்டர் வரவில்லை, வாழைமரம் கட்டுகிறவன் வரவில்லை. கத்த முடியாதே. "அடுத்த கடையில வாங்கு" என்று காற்றாகச் சொன்னேன். எதிர்முனையில் மாஸ்டர் மிரண்டுபோனார். கத்தலுக்கே பழகியவர்களுக்கு நான் கிசுகிசுத்தது ஏதோ விபரீதமாகப் பட்டிருக்கிறது. எல்லோரும் ஓடி ஓடி வேலை செய்தார்களாம். கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் அந்தப் போனையும் வாங்கி வெளியே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் ஒரு போன்கூடப் பேசாமல் அந்தக் கல்யாணம் நன்றாகவே நடந்து முடிந்தது. "இந்தத் தடவை மண்டபத்துல சத்தமே இல்ல" என்று பெண் வீட்டார் மெச்சினார்களாம். அதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

ஒன்றைப் பாராட்ட வேண்டும். சிஸ்டர் வேலையைக் கொடுத்துவிட்டு அதோடு மறந்துவிடுகிற ஆள் இல்லை. பத்துப் பிள்ளைகளுக்கு நடுவில் ஓடிக்கொண்டே எங்கள் திரையை விலக்கி எட்டிப் பார்ப்பார். என்னிடம் ஒன்றும் கேட்க மாட்டார். நேராகத் துணிக்குள் கையை விட்டுக் குழந்தையின் பாதத்தைத் தொடுவார். சூடாக இருந்தால் போய்விடுவார். அந்தப் பாதம் எனக்குப் பரீட்சை மாதிரி ஆகிவிட்டது. முதலில் எல்லாவற்றிலும் பாஸ்தான். எடையும் லேசாக ஏறியது.

அதற்குள் மதினிக்குச் சளி குணமாகிவிட்டது. சொன்னபடி சிஸ்டர் அவரையும் சேர்த்துக்கொண்டார். "ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வச்சிருங்க" என்று சொல்லிவிட்டு, புதிதாக வந்த ஒரு குழந்தையைப் பார்க்கப் போனார். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் பக்கத்தில் எதிலும் முதல் மரியாதை யாருக்கு என்பது பெரிய விஷயம். கோயில் பரிவட்டத்திலிருந்து கல்யாண வீட்டுச் சந்தனக் கிண்ணம் வரைக்கும் இதே கதைதான். பெண் வீட்டுக்கு ஒரு தாம்பூலப் பை கூடுதலாகப் போய்விட்டால் மாப்பிள்ளை வீட்டார் பந்தியை விட்டு எழுந்துவிடுவார்கள். அந்த மாதிரிச் சண்டைகளை எத்தனையோ தீர்த்துவைத்தவன் நான். எனவே மதினியிடம் நானே பேச்சை எடுத்தேன். "சமமா வச்சுக்குவோம் மதினி. ஆளுக்குக் கொஞ்ச நேரம்."

"அதான் நாயம் கொழுந்தனாரே" என்றார்.

நியாயம் நன்றாகத்தான் தொடங்கியது. ஆனால் மதினி சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். "உங்க நேரம் முடிஞ்சிருச்சு, கொண்டாங்க." நானும் விடுவேனா? அடுத்த தடவை அவருக்கு நான் கடிகாரம் பார்ப்பேன். ஒருவர் கொஞ்சம் கூட வைத்துவிட்டால் மற்றவர் அதை ஈடு கட்ட வேண்டும். ஈடு கட்டக் கட்ட நேரம் சுருங்கிக்கொண்டே வந்தது. கட்டை அவிழ்ப்பதும், குழந்தையைக் கை மாற்றுவதும், திரும்பக் கட்டுவதுமாக அன்று பூராவும் ஒரே கொடுக்கல் வாங்கல். இதற்கு நடுவில் மதினி தன் தம்பிக்கு வீடியோ காலில் முகம் காட்டத் துணியை விலக்குவார். "பாருடா, ஒன் மூக்குத்தான்." அவர் காட்டினால் என் அம்மாவுக்கு நான் காட்டாமல் இருக்கலாமா? என் போனை வாங்கிவந்து நானும் விலக்கினேன். இரண்டு தரப்புக்கும் ஒரு குறையும் வைக்காமல் நியாயம் செய்துவிட்ட திருப்தி எங்கள் இரண்டு பேருக்கும்.

மறுநாள் காலை சிஸ்டர் எடை போட்டார். முள் இறங்கியிருந்தது. இன்னொரு தடவை போட்டார். அப்போதும் அதே எடைதான். பாதத்தைத் தொட்டார், அது சில்லென்று இருந்தது.

"நேத்து என்ன செஞ்சீங்க?"

நான் பெருமையாகவே விளக்கினேன். சமமாகப் பிரித்துக்கொண்டதையும், சண்டையே இல்லாமல் நடந்ததையும் சொன்னேன். கேட்கக் கேட்க சிஸ்டரின் முகம் மாறியது.

"ஏண்ணே, பாப்பா என்ன கோயில் மாலையா? ஆளுக்கு ஆள் கழுத்துல மாத்தி மாத்திப் போட்டுப் பாக்குறீங்க? தெறக்குற ஒவ்வொரு தடவையும் சூடு போயிருது. போன சூட்டைப் பிடிக்க அது குடிச்ச பாலெல்லாம் செலவாயிருது. அப்புறம் எங்கிட்டு எடை ஏறும்? வச்சா ஒரு மணி நேரமாவது அசையாம வச்சிருக்கணும். மரியாதையெல்லாம் செருப்போட சேத்து வாசல்ல விட்டுட்டு வாங்க." பாதத்தைத் துணியால் இழுத்து மூடினார். "நாளைக்கும் இறங்குனா டாக்டர் பெட்டிக்குள்ள வைக்கச் சொல்லிருவாரு."

நானும் மதினியும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. அது வராமல் போனது எனக்கே புதிதாக இருந்தது.

மாடிக்குப் போனேன். தங்கையைத் தீவிர சிகிச்சையிலிருந்து சாதாரண வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். என் தலை தெரிந்ததும், "எடை ஏறிருச்சாண்ணே?" என்றாள். தினமும் அதைத்தான் கேட்பாள். பொய் சொல்லிவிடலாம் என்றுதான் படி ஏறினேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. "கொஞ்சம் எறங்கிருக்கு. ஏத்திருவோம்" என்றேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சிஸ்டர் அன்றைக்கே வேலையைத் திருத்திப் பிரித்தார். யாருக்கு எது முறை என்று அவர் கேட்கவில்லை. "நெஞ்சு அண்ணனுக்கு. இவர் பருத்த உடம்பு, நல்லாச் சூடா இருக்கு. பால் உங்க பொறுப்பு" என்று மதினியிடம் சொன்னார்.

"நான் என்ன பால்காரியா நர்ஸம்மா?" என்றார் மதினி.

"உங்க தம்பி பொண்டாட்டி கவலைப்பட்டுக் கவலைப்பட்டுப் பாலே எறங்க மாட்டேங்குது. பக்கத்துல உக்காந்து தைரியம் சொல்லி, நான் காட்டித் தர்ற மாதிரி பாலை எடுக்க வச்சு, சூடு ஆறுறதுக்குள்ள கீழ கொண்டாரணும். நான் பக்கத்துல நிக்கிறேன், பாலாடைச் சங்குல சொட்டுச் சொட்டா நீங்கதான் புகட்டணும். அவசரப்பட்டா புரையேறிரும். பால் இல்லாட்டி அண்ணன் நெஞ்சுச் சூட்டை வச்சு என்ன செய்றது? அண்ணன் நம்பிப் படுத்திருக்கதே உங்களைத்தான்."

கடைசி வாக்கியம் மதினிக்குப் பிடித்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் உறைத்தது. ஆனாலும் உண்மை உண்மைதான்.

அதற்குப் பிறகு மதினி மாடிக்கும் கீழுக்குமாக நடந்த நடை இருக்கிறதே! கையில் மூடிய கிண்ணத்தோடு அவர் வருகிறபோது காரிடாரில் யாரும் குறுக்கே வர முடியாது. "தள்ளுங்க, தள்ளுங்க, பாப்பாவுக்குப் பாலு வருது." என் தங்கையிடம் என்ன சொன்னாரோ தெரியாது, அவள் ஒருநாளும் இல்லாமல் சிரித்தாள் என்று பக்கத்துக் கட்டில் அம்மா சொன்னார். புகட்டும்போது மட்டும் மதினி வாயைத் திறக்க மாட்டார். பாலாடை நுனியைக் குழந்தையின் உதட்டில் வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி நிற்பார். மதினியை நான் பேசாமல் பார்த்தது அப்போதுதான். பிறகு அறந்தாங்கிக்குப் போன் போட்டு, "ஏங்கையால குடிச்சாத்தான் அதுக்கு எறங்குது" என்று பெருமை அடிப்பார். நான் மறுக்கவில்லை. எனக்கு அசைய அனுமதி இல்லை.

அடுத்த எடையில் முள் இறங்கவில்லை, ஏறவும் இல்லை. "நின்னுருச்சு. நின்னதே பெருசு" என்றார் சிஸ்டர். அதற்கடுத்த நாள் ஏறியது. அதற்கடுத்த நாளும் ஏறியது. எத்தனை பந்தி பரிமாறினேன், எத்தனை பாயசம் ஊற்றினேன் என்று எனக்கே நினைவில்லை. அந்தச் சின்ன ஆளுக்கு என் குரல் பழகிவிட்டது. "எலையைப் போட்டாச்சா?" என்று ஆரம்பித்தாலே விரல்களை விரித்து நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள்.

ஒருநாள் மதியம் மதினி கிண்ணம் இல்லாமல் வந்தார். கிண்ணத்துக்குப் பதில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் தங்கை. திரையை விலக்கியதும் அவள் முதலில் பார்த்தது சட்டையில்லாத என் தொந்தியைத்தான்.

"அண்ணே, என்னண்ணே இது கோலம்?" சிரிக்கப் போய், தையல் இழுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிறகு துணிக்குள் குல்லா தெரிந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"இப்ப குடுங்கண்ணே" என்றார் சிஸ்டர்.

அவர் சொன்ன எதையும் உடனே செய்து பழகியிருந்தேன். இதை மட்டும் கை செய்ய மறுத்தது. "இப்பத்தான் தூங்குனா. இன்னும் கொஞ்ச நேரம்..." என்று இழுத்தேன்.

"அண்ணே. குடுங்க."

நானே கட்டை அவிழ்த்தேன். கழுத்து மடங்காமல், அவர் கற்றுக்கொடுத்தபடியே எடுத்துத் தங்கையின் நெஞ்சில் வைத்தேன். குழந்தை முகத்தைச் சுளித்தது. சிணுங்கியது, பிறகு அழ ஆரம்பித்தது. தங்கையின் கண் கலங்கிவிட்டது. "என்னைய அவளுக்குத் தெரியலண்ணே."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். "உங்க சமையலைச் சொல்லுங்கண்ணே."

இவருக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான் குனிந்தேன். "எலையைப் போட்டாச்சா? ஓரத்துல உப்பு வை. அப்புறம் இனிப்பு. பச்சடி..." அழுகை சிணுங்கலாகி, சிணுங்கல் மூச்சாகியது. விரல்கள் விரிந்து தாயின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டன. நெய் வரைக்கும் வந்தேன்.

"நெய்யி ஊத்தியாச்சு. அடுத்து சாம்பாரு" என்று தங்கை அவள் காதில் தொடர்ந்தாள். "கலக்கி ஊத்தணும், மேலாக்க ஊத்தக் கூடாது." எங்கே கேட்டாளோ, மதினிதான் சொல்லியிருக்க வேண்டும்.

சிஸ்டர் துணிக்குள் கையை விட்டுப் பாதத்தைத் தொட்டார். "நல்ல சூடு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "நீங்க சட்டையப் போட்டுக்கங்கண்ணே" என்றார்.

மதினி மடித்து வைத்திருந்த சட்டையை நீட்டினார். போட்டுக்கொண்டேன். "பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க கொழுந்தனாரே" என்று சொல்லிவிட்டு அவர் மூக்கை உறிஞ்சினார்.

சிஸ்டர் சட்டென்று திரும்பினார். "சளியா?"

"சளியெல்லாம் இல்ல நர்ஸம்மா" என்றார் மதினி. அவர் மறுபடி உறிஞ்சினார். கூடவே நானும் உறிஞ்சினேன்.

"ரெண்டு பேரும் வெளிய இருங்க" என்றார் சிஸ்டர்.

வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். எங்களுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. மதினி காலிக் கையை மடியில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்தார். நான் சட்டைக்குள் கையை விட்டு நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன். அவள் படுத்திருந்த இடத்தில் சூடு இன்னும் போகவில்லை.